மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் கிறீன்

உயிர் காக்கும் கலையைத் தொழிலாகக் கொண்டோர் உலகிற் பலர். அக்கலையைத் தமக்கு அயலான ஒரு மக்கட் கூட்டத்தாரின் தாய்மொழியிற் பெயர்த்து வைப்பதையே வாழ்நாட் பணியாக ஏற்றுக்கொண்டோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் வைத்திய கலாநிதி சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவிற் பிறந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருமுறை தங்கி, ஏறத்தாழ இருபத்தோர் ஆண்டுகள் அங்கே வைத்தியம் செய்து, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் தமிழில் நூலாக்கியும் சென்றவர் அவர். அவர் பெயரை எம் மாணவரிற் சிலர் கேள்வியுற்றிருப்பர். அவர் செய்தது இன்னதென்று அறிந்தோர் அருகியே உளர். கல்முனைக் கரையிலிருந்து எழுதும் எனக்கு யாழ்ப்பாணத்து வைத்தியர் ஒருவரின் வரலாற்றில் என்ன அக்கறை என்று வாசகர் வினவலாம். தமிழிலே விஞ்ஞானம் ஓதும் ஆசிரியரும், தமிழிலே தம் நோவைச் சொல்லும் நோயாளரும் வாழும் எவ்வூருக்கும் அவர் வரலாறு உரியதே என்பது என் விடை.

கிறீன் 1822 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 10 ஆந் திகதி, மசாச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரில், கிறீன் ஹில் எனப்பட்ட குடும்ப மனையிற் பிறந்தார். தந்தையார் ஒரு வழக்கறிஞர். உடன்பிறந்தோர் பலர். அவர்களுள் மூத்தவரான அன்று ஹஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் நகரின் நடுவண் பூங்காவை அமைப்பித்தவர்களுள் முதன்மையானவராயும், 1898 இற் பல பகுதிகளை ஒன்றாக்கி அம்மாநகரை உருவாக்கியவராயும் புகழ் பெற்றார். தமையனார் பெருநகருக்குத் திட்டம் வகுத்தார். தம்பியாரோ கடல் கடந்து, பனை சூழ்ந்த ஒரு கிராமத்தைத் தம் பணிக்களமாகத் தேர்ந்துகொண்டார்.

நியூயோர்க்கிலே மருத்துவம் பயின்று 1845 இற் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிஷனின் வைத்தியராக இலங்கைக்கு வர உடன்பட்டார். 1816 முதலே அம்மிஷனார் யாழ்ப்பாணத்திற் கால்கொண்டிருந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையிலே உயர்கல்விச் சாலை ஒன்றை நிறுவியிருந்தனர். 1841 இல் உதயதாரகை என்னும் பத்திரிகையையும் தொடங்கியிருந்தனர். வைத்தியப் பணியில் ஸ்கடர், வார்ட் என்னும் இருவர் கிறீனுக்கு முன்னோடிகள். ஆதலின் அவர் வந்திறங்கிய நிலம் கல்வியறிவுக்குப் புதியதன்று. அச்சுக்கூடமும் இலக்கணப் புலமையும் விவாதமும் நிறைந்த நிலம். சமயப் பரப்பலே அவரை இங்கு அனுப்பிய நோக்கம் என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் முறை. அந்நோக்கம் அவருக்குரியது, அவர் மருந்தும் நூலும் எல்லாச் சமயத்தார்க்கும் உரியனவாயின.

1847 ஆம் ஆண்டு ஒற்றோபரில் யாழ்ப்பாணம் வந்த கிறீன் முதலில் வட்டுக்கோட்டையிற் பணி தொடங்கி, மறு ஆண்டிலே மானிப்பாய்க்கு மாறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. ஊரில் வைத்தியர் இல்லாமல் இல்லை. பரம்பரைப் பரிகாரிமார் இருந்தனர். ஏட்டுச் சுவடிகள் இருந்தன. மூலிகையறிவு வீடுதோறும் இருந்தது. ஆயினும் அறுவைச் சிகிச்சை வேண்டி நின்ற கட்டிகளும், கண்ணிற் படர்ந்த படலமும், சிக்கலான பிரசவமும் பலருக்குத் தீராத் துயராகவே இருந்தன. இவற்றோடு வாந்திபேதி என்னும் கொள்ளைநோய் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து ஊர்களைச் சூறையாடிற்று. அந்நோய் நீர்வழிப் பரவுவதை லண்டனில் ஜோன் ஸ்னோ என்பார் ஒரு தெருக் குழாயை வைத்து ஆராய்ந்து காட்டியது 1854 இல். அதன் கிருமியைக் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இனங்கண்டு நிறுவியது 1884 இல். கிறீன் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய காலம் முழுவதும் அக்கிருமி உலகறியாத பகையாகவே இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மானிப்பாய் மருந்தகத்தில் நாள்தோறும் நோயாளர் கூடினர். அங்கேதான் கிறீன் மருத்துவத்தோடு தமிழையும் கற்றார் என்று கருதுகிறேன். இலக்கண நூல் ஒருவனுக்கு வேற்றுமையுருபைக் கற்பிக்கும். நோயாளி கற்பிக்கும் தமிழ் வேறு. எம் மொழியிலே நோவு என்னும் பொதுச் சொல்லின் கீழ்க் குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, இழுப்பு, விறைப்பு, குடைச்சல் எனப் பல சொற்கள் உள. வயிற்றிலே குத்து என்பதும் வயிற்றுளைவு என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறிந்த வைத்தியன் நோயின் வாயிலில் நிற்கிறான். அறியாதவன் தெருவிலே நிற்கிறான். மொழியறியாமல் நோயறிதல் அரிது என்னும் உண்மை அந்த இளம் அமெரிக்கருக்கு விரைவிலே புலனாயிற்று.

தாம் ஒருவரே எத்தனை பேருக்கு வைத்தியம் செய்துவிட முடியும் என்னும் எண்ணம் அடுத்து எழுந்தது. 1848 ஆம் ஆண்டிலேயே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறும் மருந்தியலும் வகுப்பிலே. சிகிச்சையோ நோயாளியின் பக்கத்திலே நின்று கைப்பழக்கமாக. கொழும்பு மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது 1870 ஆம் ஆண்டில். எனவே இலங்கையில் மேனாட்டு வைத்தியத்தை முறையாகப் பயிற்றும் பணி தலைநகருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்பே மானிப்பாய்க் கிராமத்திலே தொடங்கிவிட்டது. 1850 ஆம் ஆண்டளவில் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் எழுந்த வைத்தியசாலையிலும் கிறீனிடம் பயின்றோர் பணி செய்தனர்.

முதல் வகுப்புக்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. மாணவர் வட்டுக்கோட்டைச் சாலையிற் பயின்று ஆங்கிலம் கைவந்தோர். அவர்கள் பெயர்களைப் படிப்போர் டன்வோர்த் என்றும் சப்மன் என்றும் கண்டு மயங்குவதுண்டு. அமெரிக்காவிலே பொருளுதவி செய்த புரவலர் பெயரை மாணவருக்கு இடும் வழக்கம் அச்சாலையில் இருந்தது. பெயர் அமெரிக்கம், ஆள் தமிழர். இவர்களுட் சிலரே பின்னர் கிறீனின் மொழிபெயர்ப்புப் பணியில் வலக்கையாயினர்.

பாடம் ஆங்கிலத்தில் நடந்த அக்காலத்திலேயே கிறீன் தமிழ் நூலாக்கத்திற் கைவைத்துவிட்டார். கட்டர் என்பார் எழுதிய உடற்கூற்று நூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரிலும், மவுன்செல் என்பாரின் பிள்ளைப்பேற்று நூல் பிரசவ வைத்தியம் என்னும் பெயரிலும் 1857 இல் வெளிவந்தன. எடுத்த எடுப்பிலே பிரசவ வைத்தியத்தைத் தெரிந்தெடுத்தமை கருதத்தக்கது. தாயும் சேயும் மடியும் வீட்டுக்கு முதலில் வேண்டுவது அதுவே.

அதே 1857 இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கே சில ஆண்டுகள் தங்கி, 1862 இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் நங்கையை மணந்து, அவ்வாண்டே மனைவியாருடன் மீண்டும் மானிப்பாய் சேர்ந்தார். இதற்குள் யாழ்ப்பாணத்துக் கல்வியில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருந்தது. வட்டுக்கோட்டை உயர்கல்விச் சாலை 1855 இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றோர் உத்தியோகம் தேடி ஊரை விட்டு அகல்கின்றனர் என்பதும், செலவிடும் முயற்சி பொதுமக்களைச் சென்று சேரவில்லை என்பதும் அம்முடிவுக்கு மிஷன் தலைவர்கள் கண்ட காரணங்கள். கிறீன் இதே உண்மையைத் தம் மாணவரிடத்தும் கண்டார். ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவன் அரசாங்க சேவையை நாடித் தூரத்து நகரங்களுக்குப் போகிறான். அவன் பிறந்த கிராமத்து நோயாளி முன்போலவே கிடக்கிறான்.

எனவே 1864 முதல் தமிழே போதனாமொழி என்று கிறீன் துணிந்தார். தமிழிற் கற்றவன் தமிழரிடையே தங்குவான். கிராமத்திலே வீடு கட்டி, நிலம் உழுது, பக்கத்து வீட்டாருக்கு வைத்தியனாக வாழ்வான் என்பது அவர் எண்ணம். மாணவர் உடையாலும் நடையாலும் தம் மக்களிலிருந்து விலகுவதையும் அவர் விரும்பவில்லை. மேனாட்டு உடை அணிந்து மேனாட்டவர்போல் நடிக்கும் வைத்தியனிடம் ஏழை மனந்திறந்து பேசான் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். வேட்டியும் சால்வையும் அணிந்த வைத்தியனே அவர் கனவு. வேற்று நாட்டார் பலர் எம்மவரைத் தம்மவராக்க முயன்ற அக்காலத்தில், எம்மவர் எம்மவராகவே இருக்கவேண்டும் என்று வற்புறுத்திய வேற்று நாட்டவர் அவர்.

இனி அவர் சொல்லாக்க நெறியைப் பார்ப்போம். தமிழாசிரியனாகிய எனக்கு அவர் வரலாற்றில் மிகவும் சுவை பயக்கும் பகுதி இதுவே. ஒரு கருத்துக்கு முதலில் தமிழிலே வழங்கும் சொல்லைத் தேடுவது. அது கிடையாவிடத்து வடமொழியை நாடுவது. அங்கும் பொருந்தாவிடின் மேனாட்டுச் சொல்லையே தமிழோசைக்கு இயையத் திருத்தி எடுத்துக்கொள்வது. இம்மூன்று படிகளையும் அவர் நூற்பெயர்களே காட்டும். 1867 இல் வெளிவந்த அறுவை மருத்துவ நூலுக்கு இரண வைத்தியம் என்று பெயர். இரணம் என்பது புண்ணுக்கு ஊரார் வழங்கும் சொல். அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. உறுப்புக்கள் தொழிற்படும் முறையைக் கூறும் நூலுக்கு மனுஷ சுகரணம் என்று பெயர். கரணம் என்னும் வடசொல்லின் முன் சு என்னும் நன்மைப் பொருள் தரும் அடையைச் சேர்த்து, கருவிகள் செவ்வனே இயங்குதல் என்னும் பொருள்பட அமைத்த சொல் அது. இரசாயன நூலுக்கோ கெமிஸ்தம் என்று பெயர். அயற்சொல்லை எடுத்து, அம் என்னும் ஈறு கொடுத்து, மரம், குளம், பாடம் என்பவற்றின் வரிசையிலே நிறுத்திவிட்டார்.

எத்தனை துணிவு! வேற்றுச்சொல் ஒன்று வேற்றுமையுருபை ஏற்கத் தொடங்கிவிட்டால் அது பாதி தமிழாகிவிடுகிறது. கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தால், கெமிஸ்தத்துக்கு எனச் சொல்லிப் பாருங்கள், நாக்குத் தடுமாறுவதில்லை. அச்சொல் நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அதை ஆக்கிய முறையிலே இலக்கண நுட்பம் உண்டு.

1872 இல் இரு பெருநூல்கள் வெளிவந்தன. ஒன்று ஹூப்பர் என்பாரின் வைத்தியக் கைந்நூலைத் தழுவிய வைத்தியாகரம். ஆகரம் என்றால் சுரங்கம். வைத்தியச் செல்வம் தோண்டத் தோண்டக் கிடைக்கும் இடம் என்பது பெயர்ப்பொருள். மற்றையது கிறே என்பாரின் உடற்கூற்று நூலின் தமிழாகிய மனுஷ அங்காதிபாதம். ஆங்கில மூலம் லண்டனில் முதன்முதல் வெளியானது 1858 இல். உலகெங்கும் மருத்துவ மாணவர் இன்றளவும் பெயர் சொல்லும் அந்நூல், பதினான்கு ஆண்டுகளுக்குள்ளே தமிழிற் கிடைத்தது. என்பும் நரம்பும் தசையும் குருதிக்குழாயும் ஆக ஆயிரக்கணக்கான உறுப்புப் பெயர்களுக்கு ஒவ்வொன்றாகத் தமிழ்ச்சொல் நிறுத்தும் பணியை எண்ணிப் பாருங்கள். மின்விளக்கு இல்லை, தட்டச்சு இல்லை, முன்மாதிரியான அகராதியும் போதியதாய் இல்லை. பகலில் நோயாளர், இரவிலே கையெழுத்துப்படி. கிறீனின் மேற்பார்வையில் வெளிவந்த மருத்துவத் தமிழ் நூல்கள் ஏறத்தாழ 4,500 பக்கங்கள் எனக் கணக்கிடுவர். இப்பணியில் அவருடைய மாணவர் பங்கு பெரிது. மாணவர் மொழிபெயர்க்க ஆசிரியர் திருத்துவதும், ஆசிரியர் பொருள் கூற மாணவர் சொல் தருவதுமாகக் கூட்டு முயற்சியாகவே அந்நூல்கள் உருவாயின.

இத்தகைய முயற்சி உலக வரலாற்றிலே தனித்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாது நகரிலே ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறித்தவ வைத்தியர், கலீபாக்களின் ஆதரவிலே கலென் முதலிய கிரேக்க மருத்துவர் நூல்களைச் சிரியாக்கிலும் அறபியிலும் பெயர்த்தார். அவர் போன்றோர் இட்ட சொல்லடித்தளத்தின் மேலேதான் பின்னாளில் இப்னு சீனா தம் மருத்துவப் பெருநூலை எழுப்பினார். 1774 இல் யப்பானில் சுகித்தா கென்பக்கு என்பாரும் அவர் நண்பரும், டச்சு மொழியிலிருந்த உடற்கூற்று நூலொன்றைப் பல இடர்ப்பட்டு யப்பானிய அறிஞருக்குப் படிக்கத் தந்தனர். அவர்கள் நரம்புக்கு ஆக்கிய சொல் இன்றும் அந்நாட்டில் வழங்குகிறது. கல்கத்தாவிலோ நிலைமை மாறாக நடந்தது. 1822 இல் தொடங்கி நாட்டு மொழிகளில் வைத்தியம் பயிற்றிய பாடசாலை 1835 இல் மூடப்பட்டது. அதனிடத்தில் ஆங்கிலத்திற் போதிக்கும் மருத்துவக் கல்லூரி எழுந்தது. இந்திய நாடு முழுவதும் அவ்வழியே சென்றது. அரசு தாய்மொழியைக் கைவிட்ட முப்பது ஆண்டுகளின் பின், அரசின் துணை எதிர்பாராது, தமிழைக் கையிலெடுத்தவர் கிறீன்.

அவர் பணியிற் குறை இல்லையென்று நான் சாதிக்கவில்லை. அவர் நூல்களின் நடை வடசொற் செறிந்தது. அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரை ஒரே மூச்சிற் சொல்லி முடிக்க என் மாணவர் படும் பாட்டை நான் கண்டிருக்கிறேன். உற்பாலனம் என்பதற்கு நலம் பேணல் என்றிருந்தால் நாட்டுப்புறத்தாருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் அந்நூற்றாண்டில் எழுதிய எம் பண்டிதரின் உரைநடையும் அவ்வாறே இருந்தது. அவருக்குத் தமிழ் தந்தோர் தம் காலத்துத் தமிழையே தந்தனர்.

1873 இல் கிறீன் குடும்பத்துடன் அமெரிக்கா திரும்பினார். உடல்நலம் குன்றியிருந்தது. மீண்டும் மானிப்பாய்க்கு வரும் வாய்ப்புக் கிட்டவில்லை. ஆயினும் வூஸ்ரர் மனையிலிருந்து தமிழ்ப் பணி தொடர்ந்தது. கையெழுத்துப்படிகள் கப்பலேறிச் சென்றன. திருத்தப்பட்டுக் கப்பலேறி மீண்டன. கெமிஸ்தம் 1875 இலும், டோல்ற்றன் என்பாரின் நூலைத் தழுவிய மனுஷ சுகரணம் 1883 இலும் வெளிவந்தன. தமிழ் பேசும் ஒருவரும் வாழாத ஊரிலே, பனி பெய்யும் சாளரத்தருகே அமர்ந்து, தமிழ் அச்சுப்படியிற் பிழை திருத்திய முதியவரை மனக்கண்ணாற் காணுங்கள். 1884 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆந் திகதி, பிறந்த மனையிலேயே, அறுபத்தோராம் வயதில் அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்னும் செய்தியே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் உண்டு.

அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் முப்பத்து மூவர் தமிழிலே கற்றவர். அவர் ஊரை விட்டுச் சென்ற சில ஆண்டுகளுக்குள் தமிழ் வகுப்பு நின்றுபோயிற்று. ஏன் நின்றது? இவ்வினாவே இன்றைய ஆசிரியருக்கும் மாணவருக்கும் பயன்படுவது. தமிழிற் சொல் இல்லாமையால் நின்றது என்று சிலர் எண்ணக்கூடும். சொல் இருந்தது, ஆயிரமாயிரமாக அச்சேறி இருந்தது. நூல் இல்லாமையாலும் அன்று. கற்பிக்கத்தக்க தமிழ் வைத்தியரும் இருந்தனர். தமிழிற் கற்றவனுக்கு அரசாங்கத்தில் இடமில்லை. ஆங்கிலத்திற் கற்றவனுக்கே சம்பளமும் மதிப்பும் உண்டு. கொழும்பிலே ஆங்கில மருத்துவப் பாடசாலை திறந்தபின் மானிப்பாய்த் தமிழ் வகுப்பை நாடுவோர் யார்? பெற்றோர் தம் பிள்ளையின் பிழைப்பைப் பார்த்தனர். அவர்களைக் குறை கூற எனக்கு வாயில்லை. ஒரு மொழியில் ஒரு கலை நிலைபெற வேண்டுமாயின், அக்கலையை அம்மொழியிற் கற்றவன் சோறுண்ண வேண்டும். கிறீன் சொல்லைத் தேடித் தந்தார். சோற்றுக்கு வழி செய்யும் அதிகாரம் அவர் கையில் இருக்கவில்லை.

சொல்லாக்கப் பணி அவரோடு முடியவும் இல்லை. கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுவை அடுத்துள்ள காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகளார், 1930 களிற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க அறிஞர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானப் பட்டதாரியும் பண்டிதருமான அவர் எம் கரை தந்த செல்வர். பின்னர் இலங்கையிற் பாடசாலை விஞ்ஞானம் தமிழுக்கு மாறியபோது கலைச்சொற் கோவைகள் பல வெளியாயின. இன்று எம் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை உயிரியலைத் தமிழிலே கற்கின்றனர். மருத்துவ பீடத்தினுள் நுழைந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். பட்டம் பெற்று வந்து, வைத்தியசாலைக் கட்டிலருகே நின்று, மீண்டும் தமிழிலே நோயாளியோடு பேசவேண்டியவராகின்றனர். சிங்களம் பேசும் இளம் வைத்தியர்களும் எம் கரைக்கு நல்லெண்ணத்தோடு வந்து பணி செய்கின்றனர். நெஞ்சுக்குள் உளைவு என்று ஒரு மூதாட்டி சொல்ல, அது நோ என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி வைத்தியரின் தாளில் ஏறும்போது, நோயின் குறிப்பொன்று இடையிலே நழுவிவிடுகிறது.

இதன் நடைமுறைப் பொருளை நான் கண்கூடாகக் கண்டது 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னாகும். திசெம்பர் 26 இற் கடல் எம் ஊர்களுட் புகுந்து மீண்டது. கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பும் சேறும் கலந்து கெட்டன. மக்கள் தங்கியிருந்த பாடசாலை ஒன்றுக்குக் கிணற்றைத் தூய்மை செய்யும் முறை கூறும் துண்டுப்பிரசுரம் வந்தது. அது தமிழிலேதான் இருந்தது. ஆனால் கன மீற்றருக்கு இத்தனை கிராம் குளோரின் தூள் என்றும், செறிவு என்றும், கரைசல் என்றும் எழுதப்பட்டிருந்ததை வாசித்த குடும்பத் தலைவர்கள் என்னைப் பார்த்தனர். நானும் தாளைப் பார்த்தேன். கூட்டத்திலே கிணறு கட்டும் மேசன் ஒருவர் இருந்தார். கிணற்றில் எத்தனை கொட்டு இறக்கியிருக்கிறது, எத்தனை கொட்டு உயரத்துக்கு நீர் நிற்கிறது என்று கேட்டார். ஒரு கொட்டின் அகலமும் உயரமும் அவருக்குக் கைக்கணக்கு. விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் அதைக் கன அளவாக மாற்றினார். ஒரு கொட்டு நீருக்கு இத்தனை மேசைக்கரண்டித் தூள் என்று முடிவாயிற்று. நான் செய்தது அதை விளங்கும் தமிழிற் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியது மட்டுமே. அன்று மாலைக்குள் இளைஞர் அக்கணக்கோடு கிணறு கிணறாகச் சென்றனர்.

அந்த மேசனின் கொட்டுக் கணக்கும், கிறீனின் இரண வைத்தியமும் ஒரே நெறியைச் சேர்ந்தவை. மக்கள் ஏற்கெனவே அறிந்ததிலிருந்து தொடங்கி, அவர்கள் அறியாததற்கு அழைத்துச் செல்வது அந்நெறி. இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவ பீடம் எம்மொழியிற் போதிக்குமா என்பது எம் கையில் இல்லாத காரியம். நோயாளியின் சொல்லை வைத்தியருக்கும், வைத்தியரின் சொல்லை நோயாளிக்கும் கொண்டுசேர்ப்பது எம் கையில் உள்ள காரியம்.

ஆசிரிய நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு தவணையில் ஒருநாளாவது ஒன்றாக அமருங்கள். மாணவரை மருதமுனைக்கும் நிந்தவூருக்கும் சம்மாந்துறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அனுப்புங்கள். மூத்த பெண்களிடமும், மருத்துவிச்சிமாரிடமும், பரிகாரிமாரிடமும், மாடு வளர்ப்போரிடமும், மீன்பிடிப்போரிடமும் நோய்க்கும் நோவுக்கும் உறுப்புக்கும் மூலிகைக்கும் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். மாட்டுக்கு வரும் நோய்ப் பெயர்களும் வயலிலே வழங்கும் அளவைச் சொற்களும் அக்கோவையிற் சேரட்டும். அவற்றை அகரவரிசைப்படுத்தி, ஆங்கிலமும் சிங்களமும் பக்கத்தில் எழுதி, ஊர் வைத்தியசாலையிற் புதிதாக வரும் வைத்தியரின் மேசைமேல் வையுங்கள். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும்.

4,500 பக்கம் எழுதிய மானிப்பாய் வைத்தியரும் ஒரு நோயாளியின் ஒரு சொல்லைக் கேட்டே தொடங்கியிருப்பார்.